சர்க்கரை நோய்ப் பிரிவில் முதல் ஆறு மாதங்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேரும் மருத்துவருக்கும் செவிலியருக்கும்

பணியாணையோடு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். சர்க்கரை நோய்க்காக வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் நோயைப் பற்றிப் பேச வந்தவர்கள் அல்லர். மாத்திரையை வாங்கிக்கொண்டு அடுத்த பேருந்தைப் பிடிக்க வந்தவர்கள். நோட்டைப் பார்த்து, போன மாதம் எழுதியதையே மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டால் மதியத்திற்குள் வரிசை தீர்ந்துவிடும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வரிசையில் நின்ற ஒருவர் ஆறு மாதம் கழித்து விரலை இழந்தோ, பார்வை மங்கியோ திரும்பி வரும்போது, அவருடைய நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே கையெழுத்து இருப்பதைக் காண நேரிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தி 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு இருப்பதாகவும் கணக்கிட்டது. 2020-இல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்போ, சர்க்கரை நோய் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருப்பவர்கள் நூற்றுக்குப் பதினொருவர் அளவில்தான் என்று காட்டியது. இந்த இடைவெளிக்கு மருத்துவர்களின் அறியாமையைக் காரணமாகச் சொல்ல முடியாது. முதலில் கொடுக்கும் மாத்திரையான மெட்ஃபார்மின் எப்படி வேலை செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வழிகாட்டு நூல்களும் பயிற்சிகளும் மாத்திரைகளும் இருக்கின்றன. அவை நோயாளி நம் முன்னால் உட்காரும் அந்த நான்கு நிமிடத்திற்குள் வந்து சேர்வதில்லை என்பதே சிக்கல். அவற்றை அந்த நான்கு நிமிடத்திற்குள் கொண்டுவரும் வழியைத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: எதைப் படிப்பது, எதை மேசையில் வைப்பது

புதிதாகச் சேருபவர் முதலில் செய்யும் தவறு, இணையத்தில் கிடைக்கும் எல்லா வழிகாட்டு நூல்களையும் பதிவிறக்கிக் கணினியில் ஓர் உறையில் போட்டுவைத்து, பிறகு அதைத் திறக்காமலேயே விட்டுவிடுவதுதான். மூன்று போதும். ஐ.சி.எம்.ஆர். 2018-இல் வெளியிட்ட இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கான வழிகாட்டி நம் ஊர் மருந்துகளையும் ஆய்வக வசதிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதைத் தொடக்கத்திலேயே ஒரு முறை முழுமையாகப் படித்துவிட வேண்டும். அதே நிறுவனம் வெளியிட்டிருக்கும் ஒரு பக்கச் சிகிச்சை வழிமுறைத் தாள்களில் சர்க்கரை நோய்க்கு உரியதை அச்செடுத்து, கண்ணாடித் தாளிட்டு மேசைமேல் வைக்க வேண்டும். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் ஆண்டுதோறும் தொடக்கத்தில் புதுப்பித்து வெளியிடும் தரநிலை நூலை, ஐயம் எழும்போது மட்டும் திறந்து பார்த்தால் போதும். அது பேசும் மருந்துகளில் பல நம் மருந்தகத்தில் இல்லை என்றாலும், எப்போது எந்தப் பரிசோதனை என்ற கேள்விக்கு அதைவிடத் தெளிவான விடை வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. இவை மூன்றும் தனியே படிக்க; தொடக்க நிலை மருத்துவமனைகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஹார்ட்ஸ்-டி தொகுப்பு, அணியாகச் சேர்ந்து பயிற்சி எடுக்க ஏற்றது.

முறையாகப் படிக்க விரும்புவோருக்கு, இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையும் சென்னையில் உள்ள டாக்டர் மோகன் நீரிழிவுக் கல்வி நிறுவனமும் இணைந்து 2010 முதல் நடத்திவரும் சான்றிதழ்ப் படிப்பு, பணியை விடாமல் மாதம் ஒரு நாள் வகுப்புக்குச் சென்று முடிக்கக்கூடியது. ஐயமான நோயாளியைப் பற்றி உடனடியாகக் கேட்க வேண்டுமென்றால் இ-சஞ்சீவனித் தொலைமருத்துவம் இருக்கிறது. இதைவிடவும் பயன்படுவது, உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் ஒருவரை முதல் மாதத்திலேயே நேரில் சந்தித்து, அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது.

இரண்டாம் படி: கருவிகளைச் சரிபார்த்தல்

மருத்துவர் அறைக்கு வெளியே ஒரு மேசை, எடை பார்க்கும் கருவி, அளவு நாடா, இரத்த அழுத்தமானி, குளுக்கோமீட்டர், கால் உணர்வைச் சோதிக்கும் இசைக்கவையும் பத்து கிராம் இழையும், ஒரு நல்ல விளக்கு ஆகியவை போதுமானவை. இவற்றில் அதிகம் ஏமாற்றுவது குளுக்கோமீட்டர்தான். பரிசோதனைப் பட்டைகள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுவிடும். குப்பியைத் திறந்து மூடாமல் ஜன்னலோரம் வைத்திருக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்த வேண்டும். மாதம் ஒரு முறையாவது, ஆய்வகத்தில் சிரை இரத்தம் எடுக்கும் ஒரு நோயாளிக்கு அதே நேரத்தில் குளுக்கோமீட்டரிலும் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். பெரிய வேறுபாடு இருந்தால் கருவியைத்தான் ஐயுற வேண்டும். அதை நம்பி மருந்தைக் கூட்டக் கூடாது. மாம்பழம் நறுக்கிய கையோடு வந்தவரின் விரலில் குத்தினால் எண் தாறுமாறாக ஏறும். ஸ்பிரிட் பஞ்சு அந்தச் சர்க்கரையை முழுமையாகத் துடைத்துவிடாது. சோப்பு போட்டுக் கழுவி, கை உலர்ந்த பிறகே குத்த வேண்டும்.

பத்து கிராம் இழை உங்கள் நிலையத்தில் இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நோயாளியைக் கண்களை மூடச் சொல்லி, இரு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக ஓரிரு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்விழப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

மூன்றாம் படி: நோயைக் கண்டறிதல்

முப்பது வயதைக் கடந்த எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்பது தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டத்தின் விதி. வேறு காரணத்திற்காக, இருமலுக்கோ முதுகுவலிக்கோ வருபவரிடம்தான் இந்த விதி நழுவிப்போகிறது. சென்னையில் உருவாகி 2005-இல் வெளியான இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் இங்கே உதவும். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் இருந்ததா என்ற நான்கே கேள்விகள். நூற்றுக்கு அறுபதோ அதற்கு மேலோ வந்தால் இடர் அதிகம். வரிசையில் காத்திருக்கும்போதே செவிலியர் இதைக் கேட்டு முடித்துவிடலாம்.

வெறும் வயிற்றில் 126 மி.கி. அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்பவை நோயைக் குறிக்கும் அளவுகள். அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு போன்ற அறிகுறிகள் தெளிவாக உள்ளவருக்கு எந்த நேரத்தில் பார்த்தாலும் 200-ஐத் தாண்டினால் அதுவே போதும். அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து வாழ்நாள் முழுவதற்குமான நோட்டைக் கையில் கொடுத்துவிடக் கூடாது. இன்னொரு முறை உறுதிசெய்ய வேண்டும்.

எச்பிஏ1சி பற்றி ஓர் எச்சரிக்கை. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்களிலும், அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டிருந்தாலும் குறைத்துக் காட்டும். நம் ஊரில் இரத்தசோகை எவ்வளவு பரவலானது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையில் உள்ள சர்க்கரை அளவும் எச்பிஏ1சியும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றால் ஹீமோகுளோபினைப் பாருங்கள்.

மெலிந்த பிள்ளையோ இளைஞரோ வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவற்றோடு வந்து சர்க்கரை மிக அதிகமாக இருந்தால், அது மாத்திரை தொடங்கும் இடமே அல்ல. சலைன் ஏற்றத் தொடங்கி, 108-ஐ அழைத்து, பெரிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோயை வயிற்றுக் கோளாறு என்று எண்ணி ஒரு நாள் தாமதித்தால் உயிரே போகலாம்.

நான்காம் படி: மருந்தும் ஊசியும்

மெட்ஃபார்மினை 500 மி.கி. அளவில் உணவோடு தொடங்கி, வாரத்திற்கு ஒரு படியாக உயர்த்தினால் வயிற்றுப்போக்கால் பாதியில் நிறுத்துவோர் எண்ணிக்கை குறையும். சிறுநீரக வடிகட்டும் திறன் 30-க்குக் கீழ் போனால் நிறுத்திவிட வேண்டும். 30-க்கும் 45-க்கும் இடையில் உள்ளவருக்குப் புதிதாகத் தொடங்காமல் இருப்பதும், ஏற்கெனவே எடுப்பவருக்கு அளவைக் குறைப்பதும் நல்லது. ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால், கால் மதமதப்பு என்று சொல்பவருக்கு எல்லாமே சர்க்கரையால்தான் என்று முடிவுகட்டாதீர்கள்.

மூன்று மாதத்திற்கு மேல் இலக்கை எட்டாமல் இருக்கும் நோட்டில் மருந்து மாறாமல் இருந்தால், அது மருத்துவரின் தயக்கம் என்றே கொள்ள வேண்டும். நோயாளி மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்ட பிறகு, அடுத்த படிக்கு நகர வேண்டும். அந்தக் கேள்வியையும் அதட்டலாகக் கேட்டால் ‘போடுறேங்க டாக்டர்’ என்ற ஒரே விடைதான் வரும். ‘போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சும்மா?’ என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும்.

கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு வகை மாத்திரைகளில் தாழ்சர்க்கரை வரலாம் என்பதை மருந்து கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். வயதானவருக்கும் சிறுநீரகம் பழுதுபட்டவருக்கும் கிளிபென்கிளமைடைத் தவிர்ப்பதே நலம். 70-க்குக் கீழ் போனால், விழித்திருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சிரை வழியாக டெக்ஸ்ட்ரோஸ் செலுத்த வேண்டும். இந்த மாத்திரைகளால் வந்த தாழ்சர்க்கரை, கண் விழித்து எழுந்து பேசியவருக்கும் சில மணி நேரத்தில் மறுபடி வரலாம். எழுந்துவிட்டார் என்று அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடாமல் ஓர் இரவாவது கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

இன்சுலினுக்கு வருவோம். பிழை மலிந்த இடமும், ஒரு மணி நேரப் பயிற்சியில் பெருமளவு திருத்தக்கூடிய இடமும் இதுதான். அரசு மருந்தகத்தில் கிடைக்கும் குப்பி ஒரு மில்லிக்கு 40 அலகு வலிமை கொண்டது. பேனாவுக்கான குழலும் தனியார் கடைகளில் விற்கும் சில குப்பிகளும் ஒரு மில்லிக்கு 100 அலகு. ஊசிகளும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. அரசுக் குப்பியிலிருந்து 20 அலகு போட வேண்டியவர், கடையில் கொடுத்த ஆரஞ்சு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை எடுத்தால், உடம்புக்குள் போவது 8 அலகுதான். சர்க்கரை குறையவில்லை என்று நாம் அளவைக் கூட்டுவோம். பிறகு ஒரு நாள் சரியான ஊசி கிடைக்கும். அன்றிரவு அவர் எழுந்திருக்காமல் போகலாம். தலைகீழாக, 100 வலிமைக் குப்பியைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை எடுத்தால் 50 அலகு உள்ளே போகும். ஆகவே இன்சுலின் எடுக்கும் ஒவ்வொருவரையும் குப்பி, ஊசி இரண்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லி, நம் கண்முன் மருந்தை உறிஞ்சிக் காட்டச் சொல்வதை ஆண்டுக்கு இரு முறையாவது செய்ய வேண்டும். அப்படியே வயிற்றையும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டியாகிப்போன தோலில் போடும் மருந்து எப்போது எவ்வளவு இரத்தத்தில் கலக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளுக்கு ஒரு சொல். திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை வெப்பத்தில்தான் வைக்க வேண்டும்; ஆகவே அப்படிப்பட்டவருக்கு இரண்டு மாதத்திற்கான குப்பிகளை மொத்தமாகக் கொடுக்காமல், ஒன்றைக் கொடுத்து மற்றதை நிலையத்திலேயே பெயரெழுதி வைத்திருப்பது நல்லது. பயன்பாட்டில் உள்ள குப்பியை ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே வைக்கலாம் என்றாலும், சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டு வீட்டின் உள்வெப்பம் அதற்கு ஏற்றதன்று. ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள், நீர் புகாத டப்பாவில் குப்பியை வைத்து, நிழலான மூலையில் வைத்தால் அறையைவிடச் சில பாகை குளிர்ச்சி கிடைக்கும். உறைபெட்டிக்குள் வைத்து உறைந்துபோன இன்சுலினை, உருகி முன்போலவே தெரிந்தாலும், கொட்டிவிட வேண்டும்.

ஊசி என்றாலே கடைசிக் கட்டம் என்ற அச்சம் நம் மக்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை நாமே வளர்த்துவிட்டோம் என்றும் தோன்றுகிறது. ‘வாயைக் கட்டலைன்னா ஊசிதான்’ என்று எத்தனை முறை மிரட்டியிருக்கிறோம்! தண்டனையாக அறிமுகமான மருந்தை யாரும் விருப்பத்தோடு ஏற்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: செருப்பைக் கழற்றச் சொல்லுதல்

இதைத் தனிப் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. வெளிநோயாளர் பிரிவில் சர்க்கரை நோயாளியின் கால் பார்க்கப்படுவது அரிது. அவர் நின்றுகொண்டே நோட்டை நீட்டுவார், நாம் உட்கார்ந்துகொண்டே எழுதுவோம், மேசை மறைத்துவிடும். மருத்துவரிடம் வருவதற்கு முன்பே செவிலியர் மேசையருகே ஒரு முக்காலியில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். விரலிடுக்கு, கால் ஆணி, பித்தவெடிப்பு, நகக்கண் எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்க அரை நிமிடம் ஆகும். உணர்வுச் சோதனையும் பாதநாடியும் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும், உணர்வு குறைந்தவருக்கு அடுத்தடுத்த வருகைகளிலும் தேவை.

‘செருப்பு எங்கே கழன்று விழுந்துச்சுன்னே தெரியலை’ என்று ஒருவர் சொன்னால், அது வேடிக்கைப் பேச்சு அன்று. நரம்பு பாதிப்பின் வரலாற்றை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார் என்று பொருள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் வரும் புண்ணுக்குக் காரணம் நோய் சதையைத் தின்பதன்று, வலி தெரியாததால் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமும் காயமும்தான் என்று காட்டினார். அங்கே தொழுநோயாளிகளுக்காகப் பயன்பட்ட நுண்துளை ரப்பர் செருப்புதான் இன்று எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் சர்க்கரை நோயாளிகளின் காலைக் காக்கிறது. உணர்வு குறைந்த ஒவ்வொருவருக்கும் பின்பட்டையுள்ள இத்தகைய செருப்பை வாங்கும் இடத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

நம் ஊருக்கே உரிய சில இடர்களை எந்த வெளிநாட்டு வழிகாட்டியும் சொல்லாது. நண்பகலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நடந்து, மாலையில் உள்ளங்கால் முழுவதும் கொப்புளத்தோடு வருபவர்கள் உண்டு. தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடப்பவர்கள், சபரிமலைக்கு மாலை போட்டுச் செருப்பைத் துறப்பவர்கள், ஆடியில் தீ மிதிக்க நேர்ந்துகொண்டவர்கள் என்று எல்லோரும் நம் வரிசையில் நிற்கிறார்கள். ‘போகாதே’ என்றால் நம்மிடம் சொல்லாமல் போவார்கள். காலையிலோ மாலையிலோ சாமி கும்பிடுவது, தடித்த காலுறை அணிவது, நடைப்பயணத்தில் ஒவ்வொரு தங்கலிலும் இன்னொருவரை உள்ளங்காலைப் பார்க்கச் சொல்வது என்று வழி சொன்னால் கேட்பார்கள். தீமிதியைப் பற்றி மட்டும், உணர்வில்லாத காலோடு வேண்டாம், வேறு நேர்த்திக்கடனாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுவதே முறை.

புண்ணோடு வருபவருக்கு அழுத்தம் குறைப்பது, சுத்தம் செய்வது, நாடி பார்ப்பது மூன்றும் அன்றே நடக்க வேண்டும். எலும்பு தட்டுப்படும் புண், துர்நாற்றம், காய்ச்சல், கறுத்த விரல், நாடியின்மை ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

ஆறாம் படி: கண், சிறுநீரகம், இரத்த அழுத்தம்

இரண்டாம் வகை நோய் என்று தெரிந்த உடனேயே கண் விழித்திரையைப் பார்க்க வேண்டும், பிறகு ஆண்டுதோறும். பார்வை தெளிவாக இருப்பவர் போக மறுப்பார். பார்வை மங்கும்போது பெரும்பகுதி சேதம் முடிந்திருக்கும் என்பதை அவருக்கு விளக்க வேண்டும். சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியாட்டினின் ஆண்டுக்கு ஒரு முறை. இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு வருகையிலும் பார்த்து, 130/80-க்குக் கீழ் கொண்டுவர முயல வேண்டும். நாற்பது வயதைக் கடந்த பெரும்பாலோருக்கு இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவை. சர்க்கரை எண்ணிலேயே கண்ணாக இருந்துவிட்டு மாரடைப்பைக் கோட்டைவிடுவது வழக்கமாக நடக்கிறது.

கர்ப்பிணிகளும் காசநோயாளிகளும்

கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனையில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. சென்னை மருத்துவர் வீ. சேஷையா முன்வைத்த ஒரே படிச் சோதனைதான் இன்று தேசிய வழிகாட்டியிலும் இருக்கிறது. கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 300 மில்லி நீரில் கரைத்து, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய். அரை மணி நேரத்திற்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் திரும்பச் செய்ய வேண்டும். முதல் வருகையில் ஒரு முறையும், 24 முதல் 28 வாரத்தில் மறுமுறையும் இது தேவை. வெறும் வயிற்றோடு பேருந்தேறி வரச் சொல்ல வேண்டியதில்லை என்பதே இந்த முறையின் அருமை. பிரசவம் முடிந்து ஆறு வாரத்தில் செய்ய வேண்டிய மறுபரிசோதனைதான் விட்டுப்போகிறது. அதைக் குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசி நாளோடு இணைத்துவிடுங்கள்.

காசநோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியிடம் ஒவ்வொரு வருகையிலும் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை பற்றிக் கேட்க வேண்டும். ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால், காசநோய் மருந்து தொடங்கியதும் கட்டுப்பாடு தளர்ந்தால் வியப்படைய வேண்டாம்.

ஏழாம் படி: உணவைப் பற்றிப் பேசுதல்

அச்சடித்த உணவு அட்டவணையைக் கையில் திணிப்பதால் பயனில்லை. நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டார் என்று கேட்டு, அதிலிருந்து ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லலாம். மூன்று தவறான நம்பிக்கைகளை எதிர்பார்த்தே இருங்கள். கேழ்வரகுக் கூழ் சர்க்கரையை ஏற்றாது என்பது முதலாவது. மாவாக்கிக் கரைத்த எந்தத் தானியமும் விரைவில் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். அதே தானியத்தைக் களியாகவோ அடையாகவோ, அளவோடு, காய்கறியும் பயறும் சேர்த்துச் சாப்பிடுவது மேல். இராத்திரிக்குச் சப்பாத்தி என்றால் எண்ணிக்கை பார்க்க வேண்டாம் என்பது இரண்டாவது. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் கெடுதல் இல்லை என்பது மூன்றாவது. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ என்ற கணக்கை ஓர் உண்மையான எவர்சில்வர் தட்டை வைத்துக் காட்டினால் படிக்காதவருக்கும் புரியும். ரேஷன் அரிசியை நம்பி வாழும் வீட்டில் ஓட்ஸ் வாங்கச் சொல்வது அறிவுரை ஆகாது. சமைப்பவரும் கூட வந்திருந்தால் அவரிடம் பேசுங்கள். பெரும்பாலான வீடுகளில் முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது.

எட்டாம் படி: வராதவர் பட்டியல்

எல்லாப் படிகளிலும் கடினமானதும், நான் முதன்மையாகக் கருதுவதும் இதுவே. நம் முன் வந்து நிற்பவரைப் பற்றியே யோசிப்பது மருத்துவரின் இயல்பு. கால் இழப்பவர்களும் டயாலிசிசுக்குப் போகிறவர்களும் நம் முன் வராதவர்களிலிருந்துதான் அதிகம் வருகிறார்கள். பதிவேட்டிலோ தொற்றாநோய் இணையதளத்திலோ, கடந்த மூன்று மாதங்களில் ஒரு முறையும் வராதவர்களின் பெயர்களைத் தனியே எடுக்க வேண்டும். காலாண்டுக் கணக்கெடுக்கும்போது, பதிவு செய்யப்பட்ட அனைவரையும் கீழெண்ணாக வைத்து, அவர்களில் கட்டுக்குள் இருப்பவர் எத்தனை பேர், இல்லாதவர் எத்தனை பேர், வராதவர் எத்தனை பேர் என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். வந்தவர்களை மட்டும் வைத்து விகிதம் எடுத்தால் அது அழகாகத் தெரியும். ஆய்வுக் கூட்டத்தில் பாராட்டும் கிடைக்கும். ஆனால் பொய்.

வராதவர்களைத் தேடிப் போகத் தமிழ்நாட்டில் ஆள் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து, மருந்தும் கொடுக்கிறார்கள். அவர்களை மருந்து கொண்டுபோகும் ஆட்களாக மட்டும் நடத்தினால் திட்டத்தின் பாதிப் பயனை இழந்துவிடுவோம். யார் வேலைக்காகத் திருப்பூருக்குப் போனார், யார் நாட்டு மருந்துக்கு மாறினார், எந்த வீட்டில் மகன் கூட்டிவர மறுக்கிறான் என்பதெல்லாம் அந்தத் தன்னார்வலர்களுக்குத்தான் தெரியும். மாதத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, தன்னார்வலர், கிராம சுகாதாரச் செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் எல்லோரையும் உட்காரவைத்து, வராதவர் பட்டியலைப் பெயர் பெயராகப் படியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணத்தையும், யார் எந்தத் தேதிக்குள் போய்ப் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள். வீட்டில் மருந்து பெறுபவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண், கால், சிறுநீரகப் பரிசோதனைக்காக நிலையத்திற்கு வர வேண்டும் என்பதையும் அந்தப் பட்டியலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மருந்து மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும், மருத்துவம் நின்றுபோயிருக்கும்.

முதல் கூட்டத்தில் பட்டியல் மிக நீளமாக இருக்கும். அதில் இன்சுலின் எடுப்பவர்கள், காலில் புண் இருந்தவர்கள், போன முறை 300-ஐத் தாண்டியவர்கள் ஆகியோரை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டு, அந்த வாரத்திற்குள் அவர்களைப் பார்த்துவிடுங்கள். மீதியை அடுத்த மாதத்திற்கு வைத்துக்கொள்ளலாம்.